இருபதாம் நாளில் இறக்கும் குஞ்சுகள்: வீட்டுப் பொரிப்புப் பெட்டியில் ஈரப்பதனும் காற்றோட்டமும்

இருபத்தொரு நாள் காத்திருந்து பெட்டியைத் திறந்தால், வைத்த நாற்பது முட்டைகளில் பதினைந்தோ இருபதோதான் பொரித்திருக்கும். மிகுதியை உடைத்துப் பார்க்கும்போது சில முட்டைகள் கூழாகக் கிடக்கும். ஆனால் பலவற்றினுள் முழுக் குஞ்சு இருக்கும். மயிர் முளைத்து, நகமும் அலகும் வைத்து, வெளியே வருவதற்கு எல்லாம் தயாரான நிலையில் ஓட்டுக்குள்ளேயே இறந்திருக்கும். வீட்டிலே பெட்டி செய்து குஞ்சு பொரிக்க முயலும் குடும்பங்களிடமிருந்து நாம் கேட்கும் முறைப்பாடுகளில் இதுவே முதலாவது.

இடம்பெயர்ந்து, முகாமிலும் உறவினர் வீட்டிலும் இருந்துவிட்டு, மீண்டும் ஒரு துண்டுக் காணியில் வாழ்க்கையைத் தொடங்கும் குடும்பத்திற்கு நாற்பது முட்டை சிறிய முதலல்ல. கடைக்குக் கொடுத்திருந்தால் அரிசிக்கும் சீனிக்கும் ஆகியிருக்கும். சில வீடுகளில் அவை பிள்ளைகளுக்கு அவித்துக் கொடுக்காமல் சேர்த்த முட்டைகள். அயலவரின் முட்டைகளைப் பாதிக்குப் பாதி குஞ்சு தருவதாகப் பேசி வாங்கி வைத்தவர்களும் உண்டு. அவர்களுக்கு இது பண நட்டத்தோடு முடிவதில்லை, முகத்தைக் கொடுத்துப் பேசமுடியாத நிலையும் வந்துவிடுகின்றது.

குஞ்சு பொரிக்காதபோது முதலிற் பழி சேவலின்மேல் விழும். அடுத்தது இடிமுழக்கம். அடைக்கோழியின் கீழ் இரும்புத்துண்டும் கரித்துண்டும் வைக்கும் வழக்கம் பெட்டிக்கும் வந்திருப்பதை நாம் கண்டிருக்கிறோம். அதனால் கெடுதியில்லை, பயனுமில்லை. சற்று யோசித்துப் பாருங்கள். ஓட்டுக்குள் முழுக் குஞ்சு இருக்கிறதென்றால் சேவல் தன் கடமையைச் செய்திருக்கிறது. பதினெட்டு, பத்தொன்பது நாட்கள் உயிரைக் காப்பாற்றிய சூடும் பெரும்பாலும் போதியதாகவே இருந்திருக்கும். இனி நாம் பார்க்க வேண்டியவை தண்ணீரும் காற்றும். பெட்டி செய்பவர்கள் மின்குமிழுக்கும் வெப்பநிலைச் சீராக்கிக்கும் காட்டும் கவனத்தில் பாதியைக்கூட இவ்விரண்டிற்கும் காட்டுவதில்லை. ஆகவே இக்கட்டுரையில் சூட்டைப்பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறோம்.

அடைக்கோழி இருக்கும் வீட்டில் பெட்டியைவிடக் கோழியே மேல் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் ஊர்க்கோழி பத்துப் பன்னிரண்டு முட்டைக்கு மேல் நன்றாக அணைக்காது. முட்டைக்கென வளர்க்கும் கலப்பினக் கோழிகளோ பெரும்பாலும் அடைக்கிடப்பதேயில்லை. கோழிகளையெல்லாம் விட்டுவிட்டு வந்து, இரண்டு மூன்றோடு மீண்டும் தொடங்கும் குடும்பங்களுக்குத்தான் பெட்டி தேவைப்படுகின்றது.

முட்டையும் மூச்சு விடும்

முட்டை ஓட்டில் கண்ணுக்குத் தெரியாத ஆயிரக்கணக்கான நுண்துளைகள் உண்டு. இவற்றினூடாக ஒட்சிசன் உள்ளே போகின்றது, காபனீரொட்சைட்டும் நீராவியும் வெளியே வருகின்றன. அடைவைத்த நாள் முதல் முட்டை சிறிது சிறிதாகத் தண்ணீரை இழந்துகொண்டே இருக்கும். இது குறையல்ல, அப்படி இழந்தே ஆகவேண்டும். இழந்த தண்ணீரின் இடத்தை முட்டையின் மொட்டைப் பக்கத்திலுள்ள வளியறை பிடித்துக்கொள்கின்றது. பத்தொன்பதாம் அல்லது இருபதாம் நாள் குஞ்சு தன் அலகால் உட்சவ்வைக் கிழித்து, அந்த வளியறைக்குள் மூக்கை நீட்டி, முதன்முறையாகச் சுவாசப்பையால் மூச்சு விடுகின்றது. அதன்பின்பே ஓட்டைக் கொத்தத் தொடங்கும்.

பெட்டிக்குள் ஈரம் கூடினால் முட்டை போதிய தண்ணீரை இழக்காது. வளியறை சிறிதாகவே இருக்கும், குஞ்சோ ஊதிப் பெருத்துவிடும். மூக்கை நீட்டப் போதிய இடமின்றி ஈரத்துக்குள்ளேயே மூச்சடைத்து இறந்துவிடும். இத்தகைய முட்டையை உடைத்தால் குஞ்சைச் சுற்றிப் பசைபோன்ற நீர் இருக்கும். ஒருவாறு பொரித்து வந்தாலும் வயிறு பருத்து, தொப்புள் சரியாக மூடாமல், மயிர் பிசுபிசுத்துக் காணப்படும். ஈரம் குறைந்தாலோ இதற்கு மாறாக நடக்கும். வளியறை அளவுக்கு மிஞ்சிப் பெரிதாகி, குஞ்சு சிறுத்து, சவ்வு காய்ந்த கடதாசிபோல் அதன் உடலில் ஒட்டிவிடும். ஓட்டிற் சிறு துளை போட்டபின் திரும்ப முடியாமல் அங்கேயே நின்றுவிடும்.

ஆகவே, பொரிக்காத முட்டைகளை எறியுமுன் ஒவ்வொன்றாக உடைத்துப் பாருங்கள். உள்ளே பசைநீரா, காய்ந்த சவ்வா என்பதை வைத்தே அடுத்த முறை எந்தப் பக்கம் திருத்த வேண்டும் என்று அறியலாம்.

எவ்வளவு ஈரம்? எப்படி அறிவது?

விசிறி உள்ள பெட்டிக்கு 37.5 பாகை செல்சியஸ் சூடு போதுமானது. விசிறி இல்லாத பெட்டியில் மேலே சூடும் கீழே குளிரும் இருப்பதால், வெப்பமானியின் குமிழை முட்டையின் மேற்பக்க மட்டத்தில் வைத்து 38.5 பாகையளவில் பேண வேண்டும். ஈரப்பதன் முதல் 18 நாட்களும் 50 முதல் 55 வீதமும், கடைசி மூன்று நாட்கள் 65 முதல் 70 வீதமும் இருக்கலாம்.

கடைகளில் விற்கும் சிறிய இலக்க ஈரமானியை வாங்கியவுடன் நம்பிவிடாதீர்கள். அதைச் சோதிக்க எளிய வழியுண்டு. ஒரு போத்தல் மூடியில் கறியுப்பை இட்டு, களிபோலாகும்வரை சில துளி தண்ணீர் விடுங்கள். உப்பு முழுவதும் கரைந்துவிடக் கூடாது. அந்த மூடியையும் ஈரமானியையும் வாயகன்ற ஒரு போத்தலுக்குள் வைத்து இறுக மூடி, பன்னிரண்டு மணித்தியாலம் நிழலில் விடுங்கள். உள்ளே ஈரப்பதன் 75 வீதமாக இருக்கும். உங்கள் ஈரமானி 80 என்று காட்டினால் அது எப்போதும் 5 கூட்டிச் சொல்கிறது என்று குறித்துவைத்து, கழித்து வாசியுங்கள்.

ஈரமானி இல்லாதவர்கள், பெட்டியில் விசிறி இருந்தால், இரண்டு சாதாரண வெப்பமானிகளைக்கொண்டு சமாளிக்கலாம். ஒன்றின் குமிழிற் பருத்தியாலான சப்பாத்துக் கயிற்றைச் சுற்றி, அதன் மறுமுனையைத் தண்ணீரில் விடுங்கள். உலர்ந்த வெப்பமானி 37.5 காட்டும்போது ஈர வெப்பமானி 29 காட்டினால் ஈரப்பதன் ஏறக்குறைய 53 வீதம். 32 காட்டினால் 68 வீதமளவு. இதற்கு மழைத்தண்ணீர் நல்லது. யாழ்ப்பாணம் போன்ற சுண்ணக்கல் நிலத்துக் கிணற்று நீரில் கல்சியம் கூட. சில நாளில் திரியில் வெள்ளை படிந்து அது தண்ணீரை இழுக்காமல் விட்டுவிடும், கணக்குப் பிழைத்துவிடும்.

இவை எல்லாவற்றையும்விட நாம் நம்புவது தராசைத்தான். ஈரமானி பெட்டியின் காற்றைச் சொல்லும், தராசு முட்டையையே சொல்லும். பத்து முட்டைகளுக்குப் பென்சிலால் அடையாளமிட்டு, வைக்கும் நாளன்று ஒன்றாக நிறுத்துக் குறியுங்கள். அவை 500 கிராம் என்று வைப்போம். பதினெட்டாம் நாளில் நூற்றுக்கு 12 அல்லது 13 பங்கு குறைந்திருக்க வேண்டும், அதாவது 435 முதல் 440 கிராம். இந்தக் கணக்கில் ஏழாம் நாளில் 477 கிராம் அளவிலும், பதினான்காம் நாளில் 453 கிராம் அளவிலும் நிற்க வேண்டும். ஏழாம் நாளிலேயே 465 ஆகிவிட்டால் பெட்டி காய்கிறது, தண்ணீர்ப் பரப்பைக் கூட்டுங்கள். 490 இல் நின்றால் ஈரம் கூடிவிட்டது, தண்ணீரை எடுத்துவிடுங்கள். மிகுதி நாட்களில் திருத்திக்கொள்ள இடமிருக்கிறது. வீட்டில் தராசு இல்லாவிட்டால் ரோர்ச் வெளிச்சத்தில் முட்டையைப் பிடித்து, வளியறையின் விளிம்பை ஏழு, பதினான்கு, பதினெட்டாம் நாட்களிற் பென்சிலாற் கோடிட்டு வாருங்கள். பதினெட்டாம் நாளில் அது முட்டையின் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கைப் பிடித்திருக்கும்.

ஆழத்தில் அல்ல, பரப்பில்

ஒரு குடும்பத்தில், ஈரம் போதவில்லையென்று சிறிய கோப்பையை எடுத்துவிட்டு ஆழமான போத்தலில் ஒரு லீற்றர் தண்ணீர் வைத்திருந்தார்கள். ஈரம் கூடவில்லை, குறைந்துவிட்டது. தண்ணீர் ஆவியாவது அதன் மேற்பரப்பிலிருந்து மட்டுமே. கால் லீற்றர் தண்ணீர் ஊற்றிய அகன்ற தட்டு, ஒரு லீற்றர் தண்ணீர் உள்ள ஒடுங்கிய போத்தலைவிடக் கூடுதலான ஈரத்தைத் தரும். கூட்டவேண்டுமானால் இன்னொரு தட்டு வையுங்கள், அல்லது தட்டில் ஒரு பஞ்சுத் துண்டையோ பழைய துணியையோ பாதி நனைய நிறுத்துங்கள். குறைக்கவேண்டுமானால் தண்ணீரின்மேல் ஒரு றெஜிபோம் துண்டை மிதக்கவிட்டுப் பரப்பை மூடுங்கள். விசிறிக்காற்று தட்டின்மேல் நேரே படும்படி வைத்தாலும் ஈரம் ஏறும். ஆனால் அக்காற்று முட்டைகள்மேல் நேரே படக்கூடாது. தட்டு கம்பிவலைக்குக் கீழே இருக்கட்டும். பொரித்த குஞ்சு தண்ணீரில் விழுந்து சாகாது.

தண்ணீர் விடுவதற்கு ஒவ்வொரு முறையும் மூடியைத் திறக்கத் தேவையில்லை. சுத்தமான சேலைன் குழாய்த் துண்டு ஒன்றைப் பக்கச் சுவரினூடாகத் தட்டுக்குள் செலுத்திவிட்டால் வெளியிலிருந்தே விடலாம். தண்ணீர் இளஞ்சூடாக இருக்க வேண்டும். பச்சைத் தண்ணீர் பெட்டியின் சூட்டை இறக்கிவிடும்.

எத்தனை தட்டு என்று எம்மிடம் கேட்பவர்களுக்கு நாம் உடனே பதில் சொல்வதில்லை. அது மாதத்தைப் பொறுத்தது. வெளிக்காற்றுத்தான் பெட்டிக்குள் வந்து சூடாகின்றது. காற்றுச் சூடாகும்போது அதிலுள்ள நீராவி கூடுவதுமில்லை, குறைவதுமில்லை. ஆனால் சூடான காற்றுக்கு நீராவியைத் தாங்கும் சக்தி கூட என்பதால் ஈரப்பதன் வீதம் விழுந்துவிடும். மாரி மழையில் வெளியே 27 பாகையும் 90 வீத ஈரப்பதனும் இருக்கும் காற்று, பெட்டிக்குள் 37.5 பாகைக்கு வந்தவுடன் ஏறக்குறைய 50 வீதமாகும். அதாவது ஐப்பசி கார்த்திகையில் முதல் 18 நாளும் தண்ணீர்த் தட்டே தேவைப்படாமற் போகலாம். அந்த நாட்களிலும் கோடைக்கு வைத்த இரண்டு தட்டையும் அப்படியே வைத்திருப்பவர்களின் முட்டைகள்தான் பசைநீராகப் போகின்றன.

கச்சான் காற்று வீசும் மாதங்களில் வவுனியாவிலோ மட்டக்களப்பிலோ பகல் 35 பாகையும் ஈரப்பதன் 40 வீதமும் இருக்கும் ஒரு நாளை எடுங்கள். அந்தக் காற்று பெட்டிக்குள் 35 வீதமாகிவிடும். இதை எல்லோரும் எதிர்பார்ப்பார்கள். எதிர்பார்க்காதது தை மாத விடியற்காலை. புல்லிற் பனி சொட்டும். காற்று ஈரமென்றே தோன்றும். ஆனால் 22 பாகையில் 85 வீதம் இருக்கும் அந்தக் குளிர்காற்று பெட்டிக்குள் சூடாகும்போது அதுவும் 35 வீதந்தான். கச்சானுக்கும் பனிக்கும் பெட்டிக்குள்ளே வித்தியாசமில்லை. பனிக்காலத்தில் தண்ணீர்த் தட்டை எடுத்துவிட்டு, ‘இந்த முறை சவ்வு காய்ந்து போனதே’ என்று வியப்பவர்களுக்கு விடை இதுதான்.

துவாரங்களை அடைக்க வேண்டாம்

ஈரப்பதன் ஏறவில்லையென்றால் பெரும்பாலானோர் செய்வது காற்றுத் துவாரங்களைத் துணியால் அடைப்பதாகும். ஈரமானி உடனே ஏறும். மனமும் நிம்மதியடையும். ஆனால் உள்ளே குஞ்சுகளுக்கு மூச்சு முட்டத் தொடங்குகின்றது. வைத்த முதற் கிழமையில் முட்டைக்குத் தேவையான ஒட்சிசன் மிகக் குறைவு. நாட்கள் போகப்போக அத்தேவை பலமடங்காகிக் கடைசி நாட்களில் உச்சத்தை அடைகின்றது. எம்மவர் துவாரத்தை அடைப்பதும் ஈரம் கூட வேண்டிய அதே கடைசி நாட்களில்தான். இருபதாம் நாளில் முழுக் குஞ்சு இறப்பதற்கு நாம் கண்ட காரணங்களில் இதுவே அதிகம்.

எனவே ஈரத்தைத் தண்ணீர்ப் பரப்பால் திருத்துங்கள். துவாரம் காற்றுக்கு உரியது.

நாற்பது ஐம்பது முட்டை கொள்ளும் றெஜிபோம் மீன்பெட்டிக்கு, பக்கங்களில் கீழே நான்கும் மூடியில் நான்குமாக அரை அங்குலத் துவாரங்கள் போதும். சூடான காற்று மேலே எழுந்து வெளியேற, கீழ்த்துவாரங்களால் புதுக்காற்று வரும். மேலே மட்டும் துவாரமிட்டால் இந்த ஓட்டம் சரியாக நடக்காது. முதற் கிழமை பாதியைத் தக்கையால் மூடிவைக்கலாம். இரண்டாங் கிழமையிலிருந்து தக்கைகளை எடுத்துவிடுங்கள். கச்சான் நேரே துவாரத்துக்குள் அடித்தால் பெட்டியை வீட்டின் உட்பக்கத்துக்கு மாற்றுங்கள், அல்லது ஒரு சாண் தள்ளி ஒரு பலகையை மறைப்பாக வையுங்கள். தகரக் கொட்டில் பெட்டிக்கு ஏற்றதல்ல. பகலிற் கொதிக்கும், விடியலிற் குளிரும். மண்சுவர் அறையிருந்தால் அங்கே வையுங்கள். சமையலறைப் புகையும் ஆகாது.

எகிப்து நாட்டில் மண்கல்லால் கட்டிய பெரிய பொரிப்பு அடுப்புகள் ஈராயிரம் ஆண்டுகளுக்கு மேலாகப் பயன்பட்டு வந்திருக்கின்றன. பிரெஞ்சு அறிஞர் றெயோமூர் 1749 இல் வெளியிட்ட நூலில் அவற்றை விபரித்திருக்கிறார். அங்கு வேலை செய்தவர்களிடம் வெப்பமானி இருக்கவில்லை. முட்டையைக் கண்ணிமையில் வைத்துச் சூடு பார்த்தார்கள். கூரைத் துவாரங்களைத் திறந்தும் மூடியும் காற்றையும் சூட்டையும் ஆண்டார்கள். மின்சாரமில்லாதவர்கள் மனந்தளர வேண்டாம் என்பதற்காகவே இதைச் சொல்கிறோம். 1990 களில் யாழ்ப்பாணக் குடாநாடு மின்சாரமின்றி இருந்த காலத்திலும் எம்மவர் விளக்குச் சூட்டை எத்தனையோ வேலைகளுக்குப் பயன்படுத்தினார்கள். ஆனால் விளக்கால் பெட்டியைச் சூடாக்குபவர்கள் விளக்கை உள்ளே வைக்கக் கூடாது. அது முட்டைகளின் ஒட்சிசனை எரித்துப் புகையைக் கக்கும். விளக்கு வெளியே இருக்க, அதன் சூடு தகரக் குழாய் வழியே பெட்டியினூடாகச் சென்று, புகை மறுபக்கத்தால் வெளியேற வேண்டும். மின்குமிழ் பாவிப்பவர்கள் அது றெஜிபோமில் முட்டாமல் நான்கு விரற்கடையாவது தள்ளி, ரின் ஒன்றினுள் பொருத்த வேண்டும். எல்.ஈ.டி. குமிழ்கள் இந்த வேலைக்குப் போதிய சூட்டைத் தரமாட்டா.

மின்வெட்டு நேரத்திலும் இதே தவறுதான் நடக்கின்றது. 2022 ஆம் ஆண்டில் ஒரு நாளில் 13 மணித்தியாலம்வரை மின்சாரம் நின்ற காலத்தில், பெட்டியைச் சாக்கினால் முற்றாகச் சுற்றி, துவாரங்களையும் சேர்த்து மூடியவர்கள் பலர். சாக்குப் போடுவது சரி, துவாரம் திறந்தே இருக்க வேண்டும். இரண்டாங் கிழமைக்குப் பிந்திய முட்டைகள் தாமே சூட்டை உண்டாக்கும். சில மணித்தியாலக் குளிரைத் தாங்கும். குஞ்சு பொரிப்பது சற்றுப் பிந்தலாம். மூச்சடைப்பைத் தாங்கமாட்டா. பெட்டிக்குள் எப்போதும் இரண்டு போத்தல் தண்ணீர் மூடி வைத்திருந்தால் அவை சூட்டைச் சேமித்துக் கொடுக்கும். மின்வெட்டு நீண்டால் அவற்றிற்குச் சுடுதண்ணீர் மாற்றலாம்.

கடைசி மூன்று நாட்கள்

பதினெட்டாம் நாள் முட்டை திருப்புவதை நிறுத்தி, இரண்டாவது தண்ணீர்த் தட்டை வைத்து, துவாரங்கள் எல்லாவற்றையும் திறந்துவிட்டு, மூடியை மூடுங்கள். இனிப் பொரித்து முடியும்வரை திறப்பதில்லை. பிள்ளைகள் பார்க்க ஆசைப்படுவார்கள். மூடியில் ஒரு கண்ணாடித் துண்டு பதித்துவிட்டால் பிரச்சினையில்லை. ஒருமுறை திறந்தால் ஈரக்காற்று முழுவதும் போய்விடும். அந்த நேரத்தில் ஓட்டைத் துளைத்துக்கொண்டிருக்கும் குஞ்சின் சவ்வு காய்ந்து உடலில் இறுகிவிடும்.

முதல் துளையிலிருந்து வெளியே வரும்வரை பன்னிரண்டு மணித்தியாலம் முதல் ஒரு நாள்வரை செல்லலாம். இடையில் குஞ்சு அசையாமல் படுத்திருக்கும். அதைக் கண்டு இரக்கப்பட்டு ஓட்டை உரிக்கப் போகிறவர்கள் அனேகர். அந்நேரம் சவ்வின் நரம்புகளில் இரத்தம் ஓடிக்கொண்டிருக்கும், மஞ்சட்கரு வயிற்றுக்குள் இழுபட்டுக்கொண்டிருக்கும். உரித்தால் இரத்தம் போய் இறந்துவிடும்.

முதற் குஞ்சுகள் ஈர உடம்போடு வெளியே வந்தவுடன் பெட்டியின் ஈரம் தானாகவே ஏறும். கண்ணாடியில் மெல்லிய புகார் படிவது சரி. தண்ணீர் வழிந்தோடினால் காற்றோட்டம் போதாது என்று அறிந்து, மேலே மேலும் ஒரு துவாரம் இடுங்கள். குஞ்சுகள் உலர்ந்து பஞ்சுபோலாகும்வரை உள்ளேயே இருக்கட்டும். உள்ளே இழுத்த மஞ்சட்கரு இரண்டு நாளுக்குப் போதுமாகையால் தீனுக்கு அவசரமில்லை. அந்நேரம் வீட்டில் குஞ்சோடு ஒரு தாய்க்கோழி இருந்தால், இருட்டியபின் இவற்றிற் சிலவற்றை அதன் சிறகுக்குள் மெல்ல வைத்துப் பாருங்கள். குஞ்சுகளின் வயது ஒத்திருந்தால் பெரும்பாலும் ஏற்றுக்கொள்ளும்.

பிறகு ஓடுகளை அகற்றி, பெட்டியையும் கம்பிவலையையும் சவர்க்காரத் தண்ணீரிற் கழுவி வெயிலிற் காயவிடுங்கள். ஒரு அப்பியாசக் கொப்பியில் வைத்த தேதி, மாதம், தட்டுகளின் எண்ணிக்கை, பத்து முட்டைகளின் நிறை, பொரித்த தொகை, உடைத்துப் பார்த்தவற்றிற் பசைநீர் எத்தனை, காய்ந்த சவ்வு எத்தனை என்று எழுதிக்கொள்ளுங்கள். அடுத்த முட்டைகளை வைக்குமுன் பெட்டியை ஒரு முழு நாள் வெறுமையாக ஓடவிட்டு, காலை, மதியம், நள்ளிரவு ஆகிய மூன்று வேளையும் வெப்பநிலையையும் ஈரப்பதனையும் வாசித்து, அந்தக் கொப்பியின் அடுத்த பக்கத்திற் குறியுங்கள்.